இதயத் தசையின் ஆற்றலைக் கண்ட சுப்பாராவ்

புதுச்சேரியின் முதியோர்க்கு யானைக்கால் நோயின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்நோய்க்கு வழங்கப்பெறும் டையெதில்கார்பமசின் மாத்திரையை அறியாதவரும் இங்குச் சிலரே. ஆனால் அம்மருந்தை உலகிற்கு அளித்த ஆய்வுக்குழுவின் தலைவரும், இதயத் தசை எவ்வாற்றலால் ஓயாது இயங்குகிறது என்னும் வினாவுக்கு அடிப்படை விடை கண்டவரும் ஒருவரே என்பதை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறையே வெற்றி பெற்றார் என்பதை, ஒருமுறை தோற்றுத் துவண்டுபோகும் நம் பிள்ளைகள் மனங்கொள்வது நன்று. துறவு பூண எண்ணியவர், மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டாற்றுக என்னும் அறிவுரையை ஏற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை மதித்துக் கதராடை அணிந்தமை அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு வெறுப்பை ஊட்டிற்று. முழுநிறைவான எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாது, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. இதனிடையே உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையொன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலையையும் அவர் இழிவாகக் கருதினாரில்லை. அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, உடல் நீர்மங்களிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925இல் வெளியிட்டார். மாலிப்டேட்டுடன் சேர்ந்து தோன்றும் நீல நிறத்தின் அடர்வைக் கொண்டு அளவைக் கணிப்பது அம்முறை. உயிர்வேதியியல் மாணவர் இன்றும் அதனை இருவர் பெயராலேயே பயில்கின்றனர்.

அம்முறையே பெரிய கண்டுபிடிப்பொன்றுக்கு வாயிலாயிற்று. தசைச் சாற்றில் நீலம் உடனே முழுமை பெறாது மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே போயிற்று. பிழை என்று பலர் ஒதுக்கியிருப்பர். எளிதில் சிதையும் பாஸ்பரசுச் சேர்மம் ஒன்று தசையில் உளதென இவர்கள் உய்த்துணர்ந்தனர். 1927இல் அறிவிக்கப்பட்ட பாஸ்போகிரியாட்டின் அதுவே. தசை இயங்குங்கால் அது குறைகின்றது; ஓய்வில் மீண்டும் நிறைகின்றது. 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் (ஏ.டி.பி.) பிரித்தெடுத்தனர், ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். தசையின் ஆற்றலுக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கைக்கு 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றோர் துணை நின்றிருந்தனர். அக்கொள்கை இப்பொழுது ஆட்டங்கண்டது.

இதயத்தைப் பொறுத்தவரை இதன் பொருள் யாது? நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கும் அவ்வுறுப்பின் உயிரணுக்களிலுள்ள ஏ.டி.பி. சில நொடிகளுக்கே போதுமானது. செலவாகுந்தோறும் அதனை உடனே ஈடுசெய்யும் கைக்காப்புச் சேமிப்பே பாஸ்போகிரியாட்டின். குருதியோட்டம் தடைப்பட்டால் முதலில் வற்றுவதும் இச்சேமிப்பேயாகும். இவ்விரண்டுக்கும் இடையே பாஸ்பேட்டைக் கைமாற்றும் கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதி, இதய உயிரணு சிதையுங்கால் குருதியில் கசிகின்றது. மாரடைப்பை உறுதிசெய்ய மருத்துவர்கள் நெடுங்காலம் அதனையே அளந்து வந்தனர். பின்னரே டிரோபோனின் சோதனை அவ்விடத்தைப் பிடித்தது.

இத்துணை செய்தவர்க்கு ஹார்வர்டு நிலையான பதவி வழங்கவில்லை. இதனை நயமாகச் சொல்வதற்கு வழியில்லை. அநீதி என்பதே தகும். 1940இல் லெடர்லே ஆய்வகத்துக்குச் சென்று, விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அவரது குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிற்று. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோயைத் தணிக்கும் மருந்து அது! அதற்கு எதிராய்ச் செயற்படும் அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் என்னும் பாஸ்டன் மருத்துவர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகள் 16 பேருள் 10 பேரிடம் தற்காலிகத் தணிவு கண்டு 1948இல் வெளியிட்டார்.

யானைக்கால் நோய்க்கான மருந்து 1947இல் அறிவிக்கப்பட்டது. நம் ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் 1980களில் அம்மருந்தைச் சமையல் உப்பில் கலந்து மக்களுக்கு அளித்தனர். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் கொசுக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தாரும் அந்நோயை ஒழிக்கும் பணியில் பெரும்பங்கு கொண்டனர்.

சுப்பாராவ் தாயகம் திரும்பவே இல்லை. இளமையில் மணந்த சேஷகிரி அம்மையாரை மீண்டும் கண்டாரில்லை. அவர்களுடைய ஒரே மகனும் குழவிப் பருவத்திலேயே மறைந்தான். ஆய்வும் நூல்களுமாகவே நாட்கள் கழிந்தன. 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில், உறக்கத்திலேயே இதயம் நின்று, தம் 53ஆம் வயதில் அவர் காலமானார். இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது 1995ஆம் ஆண்டில்தான்.