எமில் பிஷர்: சீனியும் வெடிமருந்தும் ஒரே மேசையில்

வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக் குடித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி அரிது. அம்மம்மா குட்டானைப் பிரித்து ஆளுக்கொரு சிறு துண்டு தருவா. அந்தக் கோப்பையில் இருந்த கபீனின் மூலக்கூறு அமைப்பையும் கையில் இருந்த இனிப்பின் அமைப்பையும் ஒரே மனிதர்தான் கண்டுபிடித்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது. பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயின் துவர்ப்பைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவர் ஜேர்மனியரான எமில் பிஷர்.

இரசாயனவியல் என் பாடம் அல்ல. முதலாம் உலகப் போரில் பிள்ளைகளை இழந்த பெற்றோரைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோதுதான் இந்தப் பெயரில் தடக்கி நின்றேன்.

1852 ஒக்டோபர் 9ஆம் திகதி, கொலோன் நகருக்கு அருகிலுள்ள ஒய்ஸ்கிர்ஷனில் பிறந்தவர் பிஷர். தகப்பன் வியாபாரி. மகனை மரவியாபாரத்தில் இறக்கிப் பார்த்து, இவன் கடைக்கு உதவமாட்டான், படிக்கவாவது போகட்டும் என்று விட்டதாகச் சொல்வார்கள். அடோல்ப் பொன் பையரிடம் 1874இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பீனைல் ஐதரசீன் என்ற புதிய சேர்மத்தைக் கண்டுபிடித்தார். அவருக்குப் புகழைத் தந்தது அதுதான். உடலைக் கெடுத்ததும் அதுதான். அந்த நஞ்சோடு பல ஆண்டுகள் புழங்கியதில் தோலும் வயிறும் பழுதாகின.

அந்தக் காலத்தில் வெல்லங்களை ஆராய்வது பெரும் தலையிடி. அவை பளிங்காக மறுத்துப் பாகாகவே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பீனைல் ஐதரசீனைச் சேர்த்ததும் மஞ்சள் பளிங்குகள் படிந்தன. குளுக்கோசு, பிரக்டோசு, மனோசு மூன்றிலும் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்களே உள்ளன. மூன்றும் ஒரே மஞ்சள் பளிங்கைத் தந்தன. அப்படியானால் வேறுபாடு சங்கிலியின் முதல் இரண்டு காபன்களில்தான் இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, குளுக்கோசு வகையில் சாத்தியமான 16 உருவங்களில் உண்மையான குளுக்கோசு எது என்பதை 1891இல் சொன்னார். ஓர் இடத்தில் மட்டும் வலக்கையா இடக்கையா என்று ஊகிக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தெரிந்துகொண்டார். அது சரிதான் என்று 1951இல் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது.

இந்த இடக்கை வலக்கைச் சமாசாரம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. எங்கள் ஒடியல் மாவிலுள்ள மாப்பொருளும் குளுக்கோசுச் சங்கிலிதான், பனையோலையிலுள்ள செலுலோசும் குளுக்கோசுச் சங்கிலிதான். கண்ணிகளை இணைக்கும் பிணைப்பு திரும்பியிருக்கும் பக்கம் மட்டுமே வேறு. அதனால்தான் கூழ் பசியை ஆற்றுகிறது, ஓலை ஆற்றாது. வெல்லத்தோடு இணைந்த சேர்மங்களில் பிணைப்பு ஒரு பக்கம் திரும்பியிருந்தால் உடைக்கும் நொதியம், மறுபக்கம் திரும்பியிருந்தால் தொடுவதே இல்லை என்பதை பிஷர் 1894இல் கண்டு, பூட்டும் திறப்பும் என்ற உவமையால் விளக்கினார். இன்றும் உயர்தர மாணவர்கள் படிப்பது அந்த உவமையைத்தான்.

1902இல் நோபல் பரிசு. பிறகு புரதங்களின் பக்கம் திரும்பினார். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலியே புரதம் என்று காட்டுவதற்காகத் தானே கோக்கத் தொடங்கி, 1907இல் 18 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி வரை போனார். புரதங்கள் அவ்வளவு பெரிய மூலக்கூறுகளாக இருக்க முடியாது என்று நினைத்தது மட்டும் அவருடைய பிழை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கிளிசரோல், நாங்கள் கிளிசரின் என்று சொல்லும் பொருள். சவர்க்காரம் காய்ச்சும்போது மிஞ்சுவது. மூன்று காபன் கொண்ட இதிலிருந்து தொடங்கித்தான் பிஷர் 1890 அளவில் ஆய்வுகூடத்திலேயே குளுக்கோசை ஆக்கினார். மூன்றும் மூன்றும் சேர்ந்து ஆறு.  கால் நூற்றாண்டு கழித்துப் போர் வந்தது. கிளிசரோல்தான் நைதரோகிளிசரின் வெடிமருந்துக்கு மூலப்பொருள். அது கொழுப்பிலிருந்து வருவது. கடல்வழி முற்றுகையால் ஜேர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம். அப்போது ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் சீனியை நொதிக்க வைத்துக் கிளிசரோல் எடுத்தார்கள். பிஷர் போன பாதையில் நாடு தலைகீழாகத் திரும்பி நடந்தது.

பிஷர் ஒதுங்கி நிற்கவில்லை. 1914 ஒக்டோபரில், பெல்ஜியத்தில் ஜேர்மன் இராணுவம் தவறேதும் செய்யவில்லை என்று 93 அறிவாளிகள் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். சிலியிலிருந்து வந்த வெடியுப்பு நின்றுபோனதும், அமோனியாவும் நைத்திரிக் அமிலமும் உள்நாட்டிலேயே பெறும் ஏற்பாடுகளை முன்னின்று பார்த்தார். பயிருக்கும் அந்த நைதரசன்தான், குண்டுக்கும் அதுதான். வடக்கில் யூரியா ஏன் தடைப்பட்ட பொருளாக இருந்தது என்று அறிந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த ஒப்பத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. உயிரின் மூலக்கூறுகளை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண், எல்லைக்கு அப்பால் எரிந்த ஊர்களைப் பார்க்கவில்லை.

அவருடைய மனைவி அக்னெஸ் 1895இலேயே, கலியாணமாகி ஏழு ஆண்டுகளில், மூளைக்காய்ச்சலில் இறந்திருந்தார். மூன்று ஆண் பிள்ளைகள். பிஷர் மறுமணம் செய்யவில்லை. பிள்ளைகளில் வால்டர், கட்டாய இராணுவப் பயிற்சியின் விளைவாக, 25 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவம் படித்த அல்பிரட் 1917இல், இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது தைபஸ் காய்ச்சலில் இறந்தார். போர் முடிந்தபோது எஞ்சியிருந்தவர் மூத்தவரான ஹெர்மன் ஒருவரே.

தகப்பன் போருக்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. 1919 ஜூலை 15ஆம் திகதி பேர்லினில் இறந்தார். தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார் என்று பல வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. 1918இல் அவர் எழுதிய சுயசரிதை 1922இல் அச்சில் வந்தது.

ஹெர்மனும் இரசாயனவியலாளர்தான். நாஜிகள் தலையெடுத்த காலத்தில் பேர்லினை விட்டு பாசலுக்கும், 1937இல் ரொறன்ரோவுக்கும், 1948இல் கலிபோர்னியாவின் பேர்க்லிக்கும் போனார். தகப்பனின் கடிதங்களும் தாள்களும் இன்று அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கின்றன. மகன் எடுத்துக்கொண்ட பொருளும் கிளிசரோலின் உறவுகளே. உடலின் கலங்கள் குளுக்கோசை உடைக்கும்போது நடுவில் தோன்றும் மூன்று காபன் பொஸ்பேற்று ஒன்றை, எரிக் பேயர் என்ற சகாவோடு சேர்ந்து 1932இல் ஆய்வுகூடத்தில் ஆக்கினார். ஒரு மிடறு தேத்தண்ணியின் இனிப்பு எங்கள் தசைக்குள் சக்தியாக மாறும்போது கடந்து போகும் படிகளில் அதுவும் ஒன்று.