கண்ணாடி மாளிகை கட்டிய தோட்டக்காரர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதச் சொன்னாங்க. நான் எடுத்துக்கொண்டவர் ராஜா இல்லை, கல்லூரி போன இன்ஜினியரும் இல்லை. அவர் ஒரு தோட்டக்காரர். பெயர் ஜோசப் பாக்ஸ்டன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. இரண்டு புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்து, மேலே ஒரு தாளைப் பாலம் மாதிரி போடுங்க. அதன் மேல் ஜாமெட்ரி பாக்ஸை வைத்தால் பொத்தென்று விழுந்துடும். இப்போ அதே தாளை விசிறி மடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக நெருக்கி மடித்துப் போடுங்க. மடிப்புகள் இந்தப் புத்தகத்திலிருந்து அந்தப் புத்தகத்துக்கு நீளமாகப் போகணும். பாக்ஸ் அப்படியே நிற்கும்! தாள் அதேதான், மடிப்புதான் அதுக்குப் பலம் கொடுத்தது. பனை ஓலை மெல்லிசா இருந்தும் விறைப்பா நிற்பது இதனால்தான். இந்த ரகசியத்தைக் கூரையில் கொண்டுவந்தவர்களில் ஒருவர்தான் பாக்ஸ்டன்.

இவர் 1803 ஆகஸ்ட் 3 அன்று இங்கிலாந்தில் மில்டன் பிரையன் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பத்தில் ஏழாவது மகன். சின்ன வயசிலேயே தோட்ட வேலைக்குப் போயிட்டார். 1823-ல் லண்டன் பக்கத்தில் சிஸ்விக் என்ற ஊரில் தோட்டக்கலைச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறந்த வருஷத்தை 1801 என்று சொல்லி இரண்டு வயசு கூட்டிக் காட்டினாராம்! அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்து மாளிகை டெவன்ஷயர் பிரபுவுடையது. நடக்க வரும்போதெல்லாம் பிரபு இந்த இளைஞரிடம் பேசுவார். 1826-ல் அவரையே தன் சாட்ஸ்வொர்த் அரண்மனைக்குத் தலைமைத் தோட்டக்காரர் ஆக்கிட்டார். அப்போது பாக்ஸ்டனுக்கு 23 வயசு கூட நிரம்பவில்லை.

முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கே போய்ச் சேர்ந்தார். கேட் திறக்கவில்லை. ஏறிக் குதித்து உள்ளே போய்த் தோட்டம் முழுவதும் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களுக்கு வேலையும் கொடுத்துட்டார். அன்று காலைச் சாப்பாட்டின்போது பார்த்த சாரா என்ற பெண்ணையே அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்.

சாட்ஸ்வொர்த்தில் அவர் வளர்த்த ஒரு வாழை 1835-ல் பூத்தது. பிரபுவின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் என்பதையே அதற்கு வைத்தாங்க. நம்ம பக்கம் போடுற ஜி9 வாழையும் கேவண்டிஷ் வகைதான்!

1849-ல் தென் அமெரிக்காவின் ராட்சத அல்லிச் செடி ஒன்று அவருக்குக் கிடைத்தது. விக்டோரியா ராணியின் பெயர் கொண்ட செடி. இங்கிலாந்துக் குளிரில் யாராலும் அதைப் பூக்க வைக்க முடியவில்லை. பாக்ஸ்டன் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கினார், ஆற்று நீர் அசைவது போலச் சின்னச் சக்கரம் வைத்து அசைய வைத்தார். அந்த நவம்பரிலேயே பூத்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தடி அகலம். தன் மகள் ஆனியை ஒரு இலை மேல் நிற்க வைத்தார். இலை மூழ்கவில்லை!

எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனாங்க. பாக்ஸ்டன் மட்டும் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் தடித்த நரம்புகள் நடுவிலிருந்து நாலாபக்கமும் ஓடின. அவற்றைக் குறுக்கு நரம்புகள் இணைத்தன. நடுவில் இருந்தது மெல்லிய தோல்தான். பாரத்தை நரம்பு தாங்கினால் தோல் மெல்லிசா இருந்தாலும் போதும் என்று அவருக்குப் புரிந்தது.

1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி நடத்த முடிவு செய்தாங்க. கட்டடத்துக்கு 245 வரைபடங்கள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. குழுவினர் தாங்களே வரைந்த செங்கல் கட்டடத்தை நாட்டில் பலரும் எதிர்த்தாங்க. நாள் வேறு குறைவு. 1850 ஜூனில் ஒரு ரயில்வே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாக்ஸ்டன், மை ஒற்றும் தாளில் ஒரு கட்டடத்தைக் கிறுக்கினார். கொஞ்ச நாளிலேயே முழுப் படமும் தயார்!

அதில் இரும்புச் சட்டங்கள்தான் நரம்பு, கண்ணாடிதான் தோல். கூரை தட்டையாக இல்லை, மடித்த தாள் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. இந்தக் கூரை யோசனையை லௌடன் என்பவர் முன்பே சொல்லியிருந்தார், பாக்ஸ்டன் அதைப் பல வருஷம் செய்து பார்த்துத் தேற்றினார். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில் சரிவுக் கண்ணாடி வழியா நல்லா உள்ளே வரும். மழைத் தண்ணீர் பள்ளத்தில் ஓடி, உள்ளீடற்ற இரும்புத் தூண்கள் வழியாக இறங்கிவிடும்.

இது நிற்காது, விழுந்துவிடும் என்று பெரிய பெரிய படிப்பாளிகள் சொன்னாங்க. அரசு வானியலாளர் ஏரியும் அதில் ஒருவர். உள்ளே ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருக்கும்போது விழுந்தால் என்ன ஆகும்? அதனால் மாடிப் பலகையில் சிப்பாய்களைக் கால் தட்டி நடக்க விட்டும், பீரங்கிக் குண்டுகளை உருட்டியும் சோதித்தாங்க. ஒன்றும் ஆகவில்லை.

முதல் தூண் நட்டது 1850 செப்டம்பரில், திறந்தது 1851 மே 1 அன்று. நீளம் 1848 அடி, கண்ணாடிகள் ஏறக்குறைய 3 லட்சம். அங்கே நின்ற பெரிய மரங்களை வெட்டாமல் கட்டடத்துக்கு உள்ளேயே விட்டுட்டாங்க. 60 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தாங்க. தோட்டக்காரர் சர் ஜோசப் பாக்ஸ்டன் ஆனார்.

பொருட்காட்சி முடிந்ததும் மாளிகையைப் பிரித்து எடுத்துப் போய் சிடன்ஹாமில் இன்னும் பெரிசாகக் கட்டி 1854-ல் திறந்தாங்க. அதே வருஷம் அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1865 ஜூன் 8 அன்று சிடன்ஹாமிலேயே காலமானார். மாளிகை 1936-ல் தீப்பிடித்து அழிந்தது. ஆனால் தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து, கொண்டுவந்து பூட்டிக் கட்டடம் எழுப்பலாம் என்று அது உலகத்துக்குக் காட்டிவிட்டது.

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று. எங்க அப்பா அடுத்தவர் வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். போன வருஷம் வரை படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதுவேன். தோட்ட வேலை என்று எழுத வெட்கமா இருக்கும். இந்த வருஷம் தோட்ட வேலை என்றே எழுதினேன். சாயங்காலம் அப்பாவிடம் ஒரு வாழை இலை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நடு நரம்பு எப்படி இலையைத் தாங்குகிறது என்று அப்பாவே காட்டிக் கொடுத்தார்.

நீங்களும் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி