நிக்கொலாய் கொரோட்கோவ்

நிக்கொலாய் செர்கேயெவிச் கொரோட்கோவ் (பெப்ரவரி 26, 1874 – மார்ச் 14, 1920) ஒரு ரஷ்ய அறுவை மருத்துவர் ஆவார். தமனியின் ஒலியை ஸ்டெதஸ்கோப்பினால் கேட்டுக் குருதி அழுத்தத்தை அளக்கும் முறையை 1905 இல் அறிவித்தவர் இவரே. அவ்வொலிகள் கொரோட்கோவ் ஒலிகள் என அழைக்கப்படுகின்றன.

வாழ்க்கை

கூர்ஸ்க் நகரில் வணிகர் குடும்பமொன்றில் பிறந்த கொரோட்கோவ், 1898 இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1904–1905 ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது ஹார்பின் நகரில் பணியாற்றினார். அங்கு தமனிகளில் காயமுற்ற வீரர்கள் பலருக்குச் சிகிச்சை அளித்தார். காயமுற்ற தமனியைக் கட்டிவிட்டால் குருதிப்போக்கு நின்றுவிடும். ஆனால் அருகிலுள்ள கிளைத் தமனிகள் வழியாகப் போதிய குருதி செல்லாவிடில் கையோ காலோ அழுகிப்போகும். உறுப்பு பிழைக்குமா என்பதை அறுவைக்கு முன்னரே அறிய முடியுமா என்பதே இவரது ஆய்வுப் பொருள். உயர் குருதி அழுத்த நோயைத் தேடிச் சென்றவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

அளவீட்டு முறை

இத்தாலியரான ரீவா-ரோச்சி 1896 இல் மேற்கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையையும் பாதரச அழுத்தமானியையும் இணைத்திருந்தார். பட்டையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது மணிக்கட்டில் நாடி மீள்வதை விரலால் உணர வேண்டும். இதயம் சுருங்கும்போதுள்ள உயர் அழுத்தம் மட்டுமே இவ்வாறு கிடைத்தது.

கொரோட்கோவ் பட்டைக்குச் சற்றுக் கீழே, தமனியின் மீது ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். தமனி முழுவதும் அழுத்தப்பட்டிருக்கையில் ஒலி ஏதுமில்லை. அழுத்தம் குறைந்து குருதி சிறிது நுழையும்போது முதல் ஒலி கேட்கும். அதுவே உயர் அழுத்தம். ஒலி மறையும் இடம், இதயம் விரியும்போதுள்ள தாழ் அழுத்தம். புதிய கருவி எதையும் இவர் உருவாக்கவில்லை. விரல் உணர்ந்ததைச் செவியிடம் ஒப்படைத்தார். ஒரு பொறியியலாளருக்கு இது உணரியை மட்டும் மாற்றியது போன்றது.

1905 நவம்பரில் சென் பீட்டர்ஸ்பர்க் இராணுவ மருத்துவக் கழகத்தில் இதனை மிகச் சுருக்கமான அறிக்கையாக அளித்தார். ஒலி இதயத்திலிருந்து வருவதாகச் சிலர் ஐயுற்றனர். அது தமனியிலேயே எழுகிறது என்பதை விலங்குச் சோதனைகளால் காட்டினார். பேராசிரியர் யனோவ்ஸ்கி இம்முறையை ஆதரித்துப் பரப்பினார்.

பிற்காலம்

1910 இல் முனைவர் பட்டம் பெற்ற கொரோட்கோவ், சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கப் பகுதியில் மருத்துவராகப் பணிபுரிந்தார். 1917 புரட்சிக்குப் பின் பெட்ரோகிராடில் மெச்னிக்கோவ் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். காசநோயால் தமது 46 ஆம் வயதில் இறந்தார்.

இன்றைய பயன்பாடு

தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் ஒலியைக் கேட்பதில்லை. பட்டையினுள் ஏற்படும் அழுத்த அதிர்வுகளைப் பதிந்து, மென்பொருளால் இரு அளவுகளையும் கணிக்கின்றன. கேட்பவர் 0 இல் முடியும் எண்ணாகத் திருத்தி எழுதும் பிழை இவற்றில் இல்லை. எனினும் இதயத்துடிப்பு சீரற்றிருந்தால் இக்கணிப்பு பிசகக்கூடும். புதிய கருவியொன்றின் துல்லியத்தைச் சோதிக்கையில், பயிற்சி பெற்ற இருவர் ஒரே நேரத்தில் கொரோட்கோவ் ஒலிகளைக் கேட்டுக் குறித்த அளவுகளுடனேயே அதன் அளவுகள் ஒப்பிடப்படுகின்றன.