ஏளனத்தைப் பொறுத்த அறிஞர் – தியோடர் ஷ்வான்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெங்காயத்தின் மெல்லிய சவ்வை உரித்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மைக்ராஸ்கோப் வழியே முதன்முதலாகப் பார்த்த நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். செங்கல் அடுக்கினாற் போல வரிசை வரிசையாகச் செல்கள்! செடியாயினும் யானையாயினும் மனிதராயினும் உயிருள்ள உடல்கள் அனைத்தும் செல்களால் ஆனவை என்று இன்று சிறு வகுப்பு மாணவியும் சொல்லிவிடுவாள். இந்த உண்மையை நிலைநாட்டியவர்களுள் தலையாயவர் தியோடர் ஷ்வான். பெரும்புகழும் பெரும் ஏளனமும் ஒரே ஆண்டில் அவரைத் தேடி வந்தன.

ஷ்வான் 1810ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஜெர்மனியில் ரைன் நதிக்கரைப் பகுதியிலுள்ள நாய்ஸ் என்னும் ஊரில், பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொற்கொல்லராயிருந்து பின்னர் அச்சுத் தொழிலில் ஈடுபட்டவர். பிள்ளைகள் நிறைந்த இல்லம் அது. சிறுவன் தியோடர் கூச்ச சுபாவமும் அமைதியும் உள்ளவன். கொலோன் நகரில் பள்ளிக் கல்வியை முடித்து, பான், வூர்ஸ்பர்க், பெர்லின் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். அடைகாக்கும் முட்டைக்குள் வளரும் கோழிக் குஞ்சுக்குக் காற்று இன்றியமையாதது என்பதை ஆராய்ந்து 1834இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பெர்லினில் யோகான்னஸ் முல்லர் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் ஷ்வான் உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளமோ சொற்பம், வேலையோ மிகுதி. ஆயினும் அங்கிருந்த ஐந்தாண்டுகளில் அவர் செய்து முடித்தவை வியப்புக்குரியவை. 1836இல் இரைப்பையில் புரதத்தைச் செரிக்கச் செய்யும் பொருளைக் கண்டறிந்து அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார்.

அக்காலத்தில் தாவரங்கள் செல்களால் ஆனவை என்பது ஓரளவு தெரிந்திருந்தது. 1665இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் கண்ட சிற்றறைகளுக்குச் செல் என்று பெயர் சூட்டியிருந்தார். ஆனால் தசை, எலும்பு, நரம்பு என ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தோன்றும் விலங்கு உடலின் நிலை என்ன? இதற்கு விடை உணவு மேசையில் தொடங்கியது. தாவரவியல் அறிஞர் மத்தியாஸ் ஷ்லைடன் ஒருநாள் ஷ்வானுடன் உணவருந்துகையில், தாவரச் செல்களின் உள்ளே காணப்படும் நியூக்ளியஸ் பற்றி விளக்கினார். அதே போன்ற ஒன்றைத் தலைப்பிரட்டையின் முதுகு நாணில் தாம் கண்டது ஷ்வானுக்கு உடனே நினைவுக்கு வந்தது. இருவரும் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று பார்த்தனர். ஒற்றுமை தெளிவாகவே இருந்தது.

அதன்பின் ஷ்வான் குருத்தெலும்பு, தசை, நரம்பு, நகம், இறகு, பல் என ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். முட்டையும் ஒரு செல்லே என்று கருதினார். 1839இல் அவரது நூல் வெளிவந்தது. செடிக்கும் விலங்குக்கும் உடலமைப்பின் அடிப்படை ஒன்றே என்று அந்நூல் காட்டியது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அதே ஆண்டில்தான் அந்த ஏளனமும் வந்தது. சர்க்கரைக் கரைசலைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்று ஷ்வான் 1837இல் அறிவித்திருந்தார். நொதித்தல் வெறும் இரசாயன மாற்றமே என்பது பெரும் வேதியியல் அறிஞர் லீபிக்கின் உறுதியான கருத்து. 1839இல் அவருடைய இதழில் ஆசிரியர் பெயரின்றி ஒரு நையாண்டிக் கட்டுரை வெளிவந்தது. வாலை வடிக்கும் குடுவை போன்ற உருவமுடைய குட்டி விலங்குகள் சர்க்கரையைத் தின்று சாராயத்தைக் கழிப்பதாக எழுதி, ஈஸ்ட் உயிருள்ளது என்ற கருத்தையே அது கேலி செய்தது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் லீபிக்கும் அவர் நண்பர் வோலரும். இருவருமே அறிவியல் உலகில் செல்வாக்கு மிக்கவர்கள்.

ஜெர்மனியில் ஷ்வானுக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1839இல் பெல்ஜியத்திலுள்ள லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1848இல் லியேஜ் நகருக்கு மாறினார். சச்சரவை விரும்பாத அவர் கற்பிப்பதில் ஆழ்ந்தார். சுரங்க விபத்துகளின்போது மீட்புப் பணியாளர் நச்சுக் காற்றினிடையே மூச்சுவிட உதவும் கருவி ஒன்றையும் உருவாக்கினார்.

காலம் தன் தீர்ப்பை வழங்கியது. 1857 முதல் லூயி பாஸ்டர் செய்த ஆய்வுகள், நொதித்தல் உயிருள்ள ஈஸ்டின் செயலே என்று நிறுவின. அதே காலம் ஷ்வானின் பிழை ஒன்றையும் திருத்தியது. செல்களுக்கு இடையிலுள்ள திரவத்திலிருந்து, உப்புநீரில் படிகம் உண்டாவது போலப் புதிய செல்கள் உண்டாகின்றன என்று அவர் எண்ணியிருந்தார். முல்லரின் மாணவர்களான ரெமாக், விர்ஷோ ஆகிய இருவரும் 1850களில் அதை மறுத்தனர். ஒரு செல் பிரிவதால்தான் மற்றொரு செல் பிறக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. இவ்வாறு ஒருவர் இட்ட அடித்தளத்தின் மேல் மற்றவர் கட்ட, செல் கொள்கை முழுமை பெற்றது.

1845இல் லண்டன் ராயல் சொசைட்டி ஷ்வானுக்குக் காப்லி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 1882 ஜனவரி 11ஆம் நாள் கொலோன் நகரில் அவர் காலமானார். நரம்பிழைகளைச் சூழ்ந்திருக்கும் செல்கள் இன்றும் ஷ்வான் செல்கள் என்றே அழைக்கப்படுகின்றன.

அன்புத் தோழியரே! வகுப்பில் நாம் கூறும் விடையைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். சிரிப்பதால் சரியான விடை தவறாகிவிடாது. புகழப்படுவதால் தவறான விடை சரியாகிவிடாது. பொறுமையோடு மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்ப்பதே நம் கடமை. அடுத்த முறை மைக்ராஸ்கோப்பின் முன் குனியும்போது, பெர்லினில் சொற்பச் சம்பளத்தில் இரவு பகலாய் உழைத்த அந்த அமைதியான இளைஞரை நினைவுகூர்வோம்.