சகஜானந்தர் காட்டிய வழி

இளைஞர்களே! நம் வட்டாரத்துத் திண்டிவனத்தில், மிஷன் பள்ளியில் பயின்ற ஏழைச் சிறுவர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் நம் கடன். அவர் 1890-இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்த முனுசாமி. படிப்பு இடையில் நின்றது. கோலார் தங்கவயலில் கூலிவேலை செய்தார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் கற்றுத் துறவு பூண்டு, சகஜானந்தர் ஆனார்.

1910-இல் சிதம்பரம் வந்த அவர், துறந்தது தம் நலத்தையே அன்றித் தம் மக்களை அன்று. 1916-இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவிப் பள்ளி தொடங்கினார், விடுதியும் அமைத்தார். தமக்கு இடையில் நின்ற கல்வி பிறர் பிள்ளைகளுக்கு நின்றுவிடலாகாது என்பதுபோல் உழைத்தார். சட்டமன்றத்தில் அமர்ந்த காலத்தும் அப்பணியைக் கைவிட்டாரல்லர். 1959 மே 1-இல் மறைந்தார். பள்ளியோ நின்று நிலைத்தது.

ஆசிரியப் பணியில் யான் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைக்கு அறிவு குறைவன்று. அருகமர்ந்து, படித்தாயா என்று கேட்பாரில்லை என்பதே குறை. உப்பளத்தில் உழைத்துக் களைத்த பெற்றோர் என் செய்வர்?

இடையஞ்சாவடியில் பட்டம் பெற்றோர் ஒவ்வொருவரும் மாலையில் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளைக்கு அளிப்பீராக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி.