மட்டையும் வளைகோலும்

(எம்.ஜே. கோபாலன் வாழ்க்கை வரலாறு)

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன், நல்லவாடு

விளையாட்டில் சிறந்து விளங்கும் இளைஞனுக்கு மிகக் கடினமான காலம் எது? தோல்வியுறும் காலம் அன்று. பள்ளியிலும் கல்லூரியிலும் பெற்ற கோப்பைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, இனி இந்த ஆட்டம் எனக்குச் சோறு போடுமா என்று கேட்கத் தொடங்குகிறானே, அந்தக் காலமே கடினமானது. பதினெட்டு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடையில் இக்கேள்வி வந்தே தீரும். அதுவரை கைதட்டியவர்கள் அப்போது அருகில் இருப்பதில்லை. கூட இருந்து வழி சொல்ல வீட்டிலும் ஆள் இருப்பதில்லை.

இக்கேள்வியை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்த தமிழர் ஒருவர் உண்டு. ஒன்றல்ல, இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடியவர். மட்டையா, வளைகோலா என்று ஒரே ஆண்டில் முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு ஆளானவர். அவரே மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் எனும் எம்.ஜே. கோபாலன். அவர் வாழ்வை நம் கல்லூரி நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள மொறப்பாக்கம் என்னும் சிற்றூரே கோபாலனின் சொந்த ஊர். பதிவேடுகளின்படி அவர் பிறந்த நாள் 1909 ஜூன் 6. குடும்பம் பிழைப்புக்காகச் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்தது. சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து கூப்பிடு தொலைவுதான். ஆனால் அந்த மைதானம் அன்று ஐரோப்பியர்களின் மன்றத்துக்கு உரியது. வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் வேலியைத் தாண்டி உள்ளே சென்று பெயர் நாட்டியவர் மிகச் சிலரே. கோபாலன் அந்தச் சிலரில் ஒருவர்.

நல்ல உயரமும் உழைப்புக்கு அஞ்சாத உடலும் அவருக்கு இயற்கை தந்த செல்வம். மிதவேகத்தில் பந்து வீசுவார். பந்தை இருபுறமும் திருப்புவார். மட்டையைக் கையில் எடுத்தால் ஓங்கி அடிப்பார். களத்தில் எந்த மூலையில் நிறுத்தினாலும் நிற்பார்.

பந்து தந்த வேலை

சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை கிரிக்கெட்டின் தூண்களில் ஒருவர். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவர். அவர் கண்ணில் கோபாலன் பட்டார். ஜான்ஸ்டன் அவரைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. தம் நிறுவனத்திலேயே ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார். (அந்த பர்மா ஷெல்தான் 1976-இல் அரசுடைமையாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் பெற்றது.)

நண்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்நாளில் இந்தியாவில் கிரிக்கெட்டை மட்டுமே நம்பி ஒருவன் குடும்பம் நடத்த முடியாது. மன்னர்களின் ஆதரவில் ஆடியவர்கள் சிலர். அலுவலகத்தில் ஓர் இடம் பெற்று ஆடியவர்கள் சிலர். இரண்டும் கிட்டாமல் மறைந்தவர்கள் பலர். இங்கிலாந்திலோ சம்பளம் வாங்கி ஆடுவோர் ஒரு வகுப்பாகவும், வாங்காமல் ஆடும் கனவான்கள் வேறு வகுப்பாகவும் பிரிக்கப்பட்டிருந்தனர். இருவருக்கும் தனித்தனி உடை மாற்றும் அறை, மைதானத்துக்குள் நுழையத் தனித்தனி வாசல். அந்தப் பாகுபாடு 1962-இல்தான் ஒழிந்தது. ஆகவே ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்வது அன்று வருமானக் கேள்வி மட்டுமன்று, மானக் கேள்வியும்கூட. கோபாலனுக்குக் கிடைத்த வேலை அவருக்கு மாதச் சம்பளம் தந்தது. அதைவிட முக்கியமாக, நாளை ஒரு போட்டியில் தோற்றாலும் அடுப்பு எரியும் என்ற அமைதியைத் தந்தது.

புகழின் படிகள்

பொங்கலை ஒட்டி ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த மாகாணப் போட்டிகள் அன்று சென்னையின் திருவிழா. அவற்றில் கோபாலன் தவறாமல் இடம் பெற்றார். 1930-இல் விஜயநகரம் இளவரசரின் அணி உலகப் புகழ் பெற்ற ஜாக் ஹாப்ஸுடன் சென்னை வந்தபோது, அந்த ஹாப்ஸையே தம் பந்தால் வீழ்த்திக் காட்டினார். சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தவர் ஹாப்ஸ். அவரை வீழ்த்தியவர் ஓர் எண்ணெய் நிறுவன ஊழியர்!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராக நடந்த டெஸ்ட் போட்டியில் கோபாலன் இந்தியாவுக்காக ஆடினார். சி.கே. நாயுடு தலைவர். அதில் அவர் எடுத்தது ஒரு விக்கெட். இரண்டு முறையும் சேர்த்து 18 ஓட்டங்கள். அதுவே அவருடைய முதல் டெஸ்ட். கடைசி டெஸ்டும் அதுவே.

அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி அது. முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன். அன்றே ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, போட்டி ஒரே நாளில் முடிந்தது, சென்னை வென்றது. இன்று நாடெங்கும் ஆடப்படும் அந்தக் கோப்பையின் வரலாறு ஒரு செங்கற்பட்டுக் கிராமத்துப் பிள்ளையின் கையிலிருந்து தொடங்கியது என்பதை நினைக்க நெஞ்சு நிமிர்கிறது.

இரண்டு அழைப்புகள்

இத்தனைக்கும் நடுவில் அவர் வளைகோல் பந்தாட்டத்திலும் வல்லவராக விளங்கினார். 1935-இல் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இந்திய ஹாக்கி அணியில் அவரும் ஒருவர். அந்த அணி 48 ஆட்டங்களில் 584 கோல்கள் போட்டது. தியான் சந்த் மட்டும் 201. அப்படிப்பட்ட மேதையோடு ஒரே களத்தில் ஆடியவர் கோபாலன்.

1936 பிறந்தது. பெர்லின் ஒலிம்பிக்கிற்கான ஹாக்கித் தேர்வு ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியிலும் இடம் கிடைத்தது. இரண்டிலும் கால் வைக்க முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

விளைவு என்ன? விஜயநகரம் இளவரசரின் தலைமையில் சென்ற அந்த அணி பூசலும் பொறாமையும் நிறைந்ததாக இருந்தது. லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இந்தியா இரண்டில் தோற்றது. அந்த மூன்றில் ஒன்றில்கூடக் கோபாலனை ஆட விடவில்லை. அவர் இங்கிலாந்தின் மைதானங்களில் காத்திருந்த அதே கோடையில், தியான் சந்தின் தலைமையில் இந்திய ஹாக்கி அணி பெர்லினில் ஒவ்வொரு நாட்டையும் வென்று வந்தது. நம் பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளை அன்று ஆண்டுகொண்டிருந்த பிரான்சு நாட்டின் அணி 10-0 என்று தோற்றது. ஆகஸ்டு 15 அன்று இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது இந்தியா.

ஒலிம்பிக் தங்கம் அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்து விலகிப் போயிற்று. அவர் தவறாக முடிவெடுத்தார் என்று இன்று சொல்வது எளிது. நடந்து முடிந்ததை அறிந்தவர்கள் நாம். அவர் அறிந்திருந்தது, தம்மிடம் இரண்டு திறமைகள் உண்டு என்பதும் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு என்பதும் மட்டுமே. தேர்வு ஆட்டத்துக்குப் போனால் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கிரிக்கெட் அணியிலோ இடம் கைக்கு வந்திருந்தது. கையில் இருப்பதை விடாமல் பற்றியவரை நாம் எப்படிக் குறை சொல்ல முடியும்?

வேறொரு வழி

அதே 1936-இல் வேறொரு வழியில் சென்ற இந்திய இளைஞரையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் அமர் சிங். கத்தியவாரைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர். இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் கோல்ன் என்னும் மன்றத்துக்குச் சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தவர். அங்கிருந்து வந்துதான் அந்த ஆண்டு டெஸ்டுகளில் ஆடினார். லார்ட்ஸ் மைதானத்தில் 35 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் 1940-இல், முப்பது வயது நிறையும் முன்பே, காய்ச்சலில் மறைந்தார். ஆட்டத்தையே தொழிலாக்கியவருக்குப் புகழ் விரைந்து வந்தது, காலம் போதவில்லை. அலுவலக நாற்காலியை வைத்துக்கொண்டு ஆடியவருக்குப் பெரும்புகழ் கிட்டவில்லை. ஆட்டம் நெடுநாள் நிலைத்தது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பிற்காலம்

கோபாலன் மனம் உடைந்து ஒதுங்கவில்லை. 1951-52 வரை முதல்தரக் கிரிக்கெட் ஆடினார். 78 போட்டிகளில் 194 விக்கெட்டுகள் எடுத்தார். சென்னை அணிக்குத் தலைமை தாங்கினார். பின்னாளில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தார். அவருடைய நீண்ட தொண்டைப் போற்றிச் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே அவர் பெயரால் ஒரு கோப்பைப் போட்டி 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. இலங்கை டெஸ்ட் தகுதி பெறுவதற்கு முன், அந்நாட்டு இளைஞர்கள் பலருக்கு இதுவே பயிற்சிக் களம். 1964-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சேப்பாக்கம் மைதானத்தின் வாசல் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 2003 டிசம்பர் 21 அன்று, தொண்ணூறு வயதைக் கடந்து, சென்னையில் இயற்கை எய்தினார்.

நமக்கு என்ன?

எங்கள் நல்லவாட்டில் கடலுக்குப் போகாத வீடு குறைவு. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கடற்கரை மணலில் கைப்பந்து வலை ஏறும். நானும் அந்த மணலில் ஆடித்தான் கல்லூரி அணிக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். சென்ற ஆண்டு வெளியூர் அணி ஒன்று, ஆட்டத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி என்னையும் என் தோழன் ஒருவனையும் அழைத்தது. அவன் படிப்பை விட்டுவிட்டுப் போனான். வேலை வாங்கித் தருவதாக வாயால் சொன்னார்கள், தாளில் எழுதவில்லை. முழங்கால் பிசகியதும் அழைப்பு நின்றுவிட்டது. இப்போது தன் அண்ணனுடன் படகேறுகிறான். எங்கள் ஊரில் அவனைப் போல் பந்தை அடித்து இறக்குபவர் இன்றும் வேறு எவரும் இல்லை.

எனக்கு மீண்டும் அழைப்பு வந்திருக்கிறது. அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. படித்தவன் நீ, பார்த்துக்கொள் என்கிறார். அந்தச் சொல்லின் பாரம் முதல் தலைமுறையாகப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். பட்டத்தை முடித்த பிறகே போவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். அதற்குள் என் கால்கள் தளரலாம். வேறொருவன் அந்த இடத்துக்கு வரலாம். கோபாலனுக்கும் ஒரு தங்கம் போயிற்று. ஆனால் தோற்ற ஆண்டுக்குப் பிறகும் அவர் பதினைந்து ஆண்டுகள் ஆடினார் அல்லவா? அதற்கு ஒரு காரணம் அவர் கையில் இருந்த வேலை என்றே நான் எண்ணுகிறேன்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாடப் போகும் மாணவனுக்கு ஜான்ஸ்டனைப் போல் வேலை தர உங்களால் இயலாமல் இருக்கலாம். அவனிடம் நீட்டப்படும் ஒப்பந்தத் தாளை ஒருமுறை படித்துப் பொருள் சொல்ல இயலும். போட்டிக்காகத் தவறிய வகுப்புகளை மாலையில் எடுத்துக் கொடுக்க இயலும். இவ்விரண்டும் இருந்திருந்தால் என் தோழன் இன்று நம்மோடு இரண்டாம் ஆண்டில் அமர்ந்திருப்பான்.

கோபாலன் முதல் பந்தை வீசிய ரஞ்சிக் கோப்பையில் 2018-19 முதல் நம் புதுச்சேரி அணியும் ஆடுகிறது. வில்லியனூரை அடுத்த துத்திப்பட்டில் அதற்கென மைதானம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலிக்கு உள்ளே இடம் வந்துவிட்டது. உள்ளே போகிறவன் கையில் பந்தோடு ஒரு பட்டமும் இருக்கட்டும் என்பதே என் விருப்பம்.