ஸாமுவேல் இன்ஸல்

மின்விளக்கைத் தந்தவர் யாரென்று வினவின், எடிசன் என்று சிறுவரும் விடையிறுப்பர். அமெரிக்காவில் அவ்விளக்கை எளியோர் இல்லத்திலும் எரியச் செய்தவர் யாரென்று வினவின், விடை கூறவல்லார் சிலரே. அப்பெருமையிற் பெரும்பங்கு ஸாமுவேல் இன்ஸல் என்பாரைச் சாரும்.

இவர் 1859-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இளமையில் எழுத்தர் தொழிலிற் புகுந்து, எடிசனுடைய இலண்டன் பிரதிநிதியிடம் பணியாற்றினார். 1881-இல், தமது இருபத்தொன்றாம் வயதில், நியூயார்க் சென்று எடிசனுக்கே அந்தரங்கச் செயலாளரானார். 1892-இல் சிகாகோ எடிசன் கம்பெனியின் தலைமையை ஏற்றார்.

அந்நாளிற் சிகாகோவில் சிறு மின்நிலையங்கள் பல இருந்தன. பெரிய கட்டிடங்களும் ஆலைகளும் தத்தமக்கெனத் தனிப்பொறி வைத்திருந்தன. ஒன்று நின்றுவிடின் மற்றொன்று உதவுதற்கு வழியில்லை. மாலையிற் சில மணி நேரத்திற்காக வாங்கிய பொறிகள் ஏனைய வேளைகளில் வாளா கிடந்தன. அவ்வீண் செலவும் விலையில் ஏறியதால், மின்சாரம் செல்வர்க்கே உரிய பொருளாயிற்று.

இன்ஸல் இதனை ஆழ்ந்து நோக்கினார். டிராம் வண்டிகளுக்குக் காலையும் மாலையும், ஆலைகளுக்குப் பகலும், வீடுகளுக்கு இரவும், பனிக்கட்டி செய்வோர்க்குக் கோடையும் மின்சாரம் மிகுதியாக வேண்டும். ஒருவர்க்கு வேண்டும் வேளை மற்றொருவர்க்கு வேண்டாத வேளையாதலின், யாவரையும் ஒரே வலையிற் பிணைத்தால் குறைந்த பொறிகளே போதும், விலையும் தாழும். இவ்வுண்மையைக் கடைப்பிடித்து, 1903-இல் பிஸ்க் தெருவில் 5,000 கிலோவாட் நீராவிச் சுழலியை நிறுவினார். பின்னர் லேக் கவுண்டியின் சிற்றூர்களையும் பண்ணைகளையும் ஒரே கம்பித்தொடரில் இணைத்தார். இரவில் மட்டும் விளக்கெரிந்த ஊர்கள் நாள் முழுதும் மின்சாரம் பெற்றன. அங்கிருந்த சிறு நிலையங்களோ பயனற்று மூடப்பட்டன.

கம்பிகளைப் பிணைத்த கையே கம்பெனிகளையும் பிணைத்தது. ஒரு கம்பெனியின் பங்குகளை மற்றொன்றும், அதன் பங்குகளை வேறொன்றும் உடைமையாகக் கொள்ள, கடன்மேற் கடனாக ஒரு கோபுரம் எழுந்தது. 1929-இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியால் அது ஆட்டங்கண்டு, 1932-இற் சரிந்தது. அவரை நம்பிச் சிறுபொருள் இட்டிருந்த எளியோர் பலர் தம் சேமிப்பை இழந்தனர். ஐரோப்பா சென்ற இன்ஸல் 1934-இல் மீட்டுக் கொணரப்பட்டு வழக்கு மன்றத்தில் நின்றார், குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். எனினும் இழந்த பெயர் மீளவில்லை. 1938-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பாரிஸ் நகரச் சுரங்க ரயில் நிலையத்தில் மாரடைப்பால் உயிர்நீத்தார்.

அவர் மூடிய சிறு நிலையங்கள் இன்று புதுவடிவில் மீண்டு வருகின்றன. மைக்ரோகிரிட் எனப்படும் சிறு மின்வலை, சூரிய ஒளியாலும் மின்கலத்தாலும் பிறவற்றாலும் ஒரு சிறு பகுதியைத் தானே பேணவல்லது. பெருவலை நலமாயிருக்குங்கால் அதனோடு கூடிக் கொடுத்தும் கொண்டும் வாழும். பெருவலை வீழ்ந்துழித் தன்னைத் துண்டித்துக்கொண்டு தனித்து நிற்கும். இத்தகைய சிறுவலைகள் பலவற்றை ஒருங்கே இயக்கினால், ஒன்றன் மிகை மற்றொன்றன் குறையைத் தீர்க்கும். தேவை மிகுந்த வேளையிற் பெருவலைக்கும் துணையாகும். இன்ஸல் வளர்த்த கம்பெனியின் வழிவந்த காம்எட் நிறுவனம், அதே சிகாகோவின் பிரான்ஸ்வில் பகுதியில் இத்தகைய வலையொன்றை அமைக்க 2018-இல் அரசாணையத்தின் இசைவு பெற்றது. அண்டையிலுள்ள இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சிறுவலையோடு அதனை இணைப்பதும் நோக்கமாயிருந்தது.

இன்ஸலின் வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களை உணர்த்துகின்றது. வெவ்வேறு வேளையில் வெவ்வேறு தேவை உடையார் கூடி வாழ்தல் யாவர்க்கும் நன்மை பயக்கும் என்பது ஒன்று. அவருடைய கம்பிகள் அதனை மெய்ப்பித்தன. ஒன்று வீழின் அனைத்தும் வீழுமாறு பிணைத்தல் கூட்டுறவாகாது என்பது மற்றொன்று. அவருடைய கம்பெனிகள் அதனைக் காட்டின. கூடவும் தனித்து நிற்கவும் ஒருங்கே வல்ல சிறுவலைகள் இவ்விரு பாடங்களையும் கற்றனபோலும்.